அந்தரத்தில் பிறந்தவர்கள்

செம்மேடு என்ற நாட்டை நீங்கள் எந்த வரைபடத்திலும் பார்த்திருக்க முடியாது. நாடு சிறியது என்பதல்ல காரணம். வரைபடம் போட வந்தவர்களிடம், "நாங்கள் நடுவில் இருப்போம், மற்ற நாடுகளை எங்களைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள்" என்று அந்நாட்டு அவை பிடிவாதமாகச் சொல்லிவிட்டது. வந்தவர்கள் கோபித்துக்கொண்டு தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு பெரிய ஏரி, ஏரிக்குக் கிழக்கே தாழ்வில் நகரம், மேற்கே மாந்தோப்புகள், தெற்கே கடல். இவ்வளவுதான் செம்மேடு. மண் செக்கச்செவேலென்று இருக்கும். வெள்ளை வேட்டி கட்டியவர் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் வேட்டி செங்கல் நிறமாகிவிடும். இதை அந்நாட்டார் ஒரு குறையாக நினைக்கவில்லை. மண் தங்களை விடமாட்டேன் என்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நாட்டை ஆள்பவருக்குக் குடையாளர் என்று பெயர். மக்கள் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் வெண்பட்டுக் குடை ஒன்றின் கீழ் உட்கார்ந்து ஆள்வார். குடை அவருக்கு மட்டும், நிழல் எல்லாருக்கும் என்பது சட்டம். ஆகவே வேறு யாரும் குடை வைத்துக்கொள்ளக் கூடாது. மழை பெய்தால் மக்கள் பாயையோ முறத்தையோ தலையில் கவிழ்த்துக்கொண்டு, நிழல் தங்களுக்கும் உண்டு என்று ஆறுதல் அடைவார்கள்.

பழைய குடையாளர் ஒரே நாளில் இரண்டு கல்யாண விருந்துகளுக்குத் தலைமை தாங்கி, இரண்டாவது பந்தியில் இலையின் மீதே சாய்ந்து காலமானார். அடுத்து யார் என்ற பேச்சு எழுந்தபோது கடைத்தெருவில் எல்லார் வாயிலும் வந்த பெயர் சிப்பியம்மாள்.

சிப்பியம்மாள் ஏரி அமைச்சர். ஐம்பது வயதைத் தாண்டியவள், உரத்த குரல், கரைமேல் நடந்து நடந்து பித்தவெடிப்பு கண்ட கால்கள். போன மழைக்காலத்தில் ஏரி விளிம்பு வரை ததும்பி நின்றது. கிழக்குக் கரை விரிசல் விட்டது. அது உடைந்தால் நகரம் போய்விடும். மேற்குக் கரையை வெட்டிவிட்டால் மாந்தோப்புகள் மட்டும் போகும். தோப்புகள் அத்தனையும் அவை உறுப்பினர்களுடையவை. அவையைக் கூட்டிக் கேட்டிருந்தால் அவர்கள் வெள்ளம் வடியும் வரை விவாதித்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. மண்வெட்டியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மேற்குக் கரையை வெட்டிவிட்டாள். நகரம் பிழைத்தது. மக்கள் அதை மறக்கவில்லை. அவை உறுப்பினர்களும் மறக்கவில்லை.

"ஏரி போதாதா உனக்கு? குடை வேற வேணுமா?" என்று கேட்டார் அவள் கணவர் பூவுலிங்கம். அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கேள்வி கேட்கும்போதும் நிமிர்ந்து நின்றுதான் கேட்பார்.

"கிழக்குக் கரையைக் கல்லு வச்சுக் கட்டணும்ங்க. கேட்டுக்கேட்டு வாய் வலிக்குது. அடுத்த பெருமழைக்கு அது தாங்காது. குடைக்குக் கீழ உக்காந்தா யார்கிட்டயும் கேக்க வேண்டாம் பாருங்க."

பூவுலிங்கத்துக்கு அது சரியென்று பட்டது. மனைவி சொல்வது சரியென்று படும்போது அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்வார்.

அவை உறுப்பினர்களுக்கு ஒரு சங்கடம். "என் மாமரம் அழுகிவிட்டது, ஆகவே இவள் ஆளத் தகுதியற்றவள்" என்று பொது இடத்தில் சொல்ல முடியாது. மாம்பழத்தைவிட உயர்ந்த காரணம் ஒன்று தேவைப்பட்டது. தேடியபோது அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சிப்பியம்மாள் செம்மேட்டில் பிறந்தவள் அல்ல.

அவள் கடலுக்கு அப்பால் மணற்கரை நாட்டில் பிறந்தவள். அவள் ஊரைக் கடல் கொண்டபோது, நடைபழகிய குழந்தையாக இருந்த அவளை அப்பா படகில் போட்டுக்கொண்டு இங்கே கரை சேர்ந்தார். வயது வந்ததும் அவள் முறைப்படி செம்மேட்டுக் குடியானாள். அதற்கு ஒரு சடங்கு உண்டு. ஒரு பிடி செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து அவையின் முன் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும், "இனி இவருக்கும் இங்கே பிறந்தவருக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை" என்று சட்டத்தலைவர் வாசிப்பார். அவள் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். மாலை போட்டார்கள். ஒரு வாரம் வயிறு கடுத்தது. இங்கேயே பிறந்தவர்கள் யாரும் அந்த மண்ணை வாயில் வைத்ததில்லை. அவர்களுக்கு அந்த அவசியம் நேரவில்லை.

அவை கூடியது. சட்டத்தலைவர் திருமேனிநாதர் எழுந்தார். அவர் கண்களை மூடிக்கொண்டு பேசுபவர். அதனால் யாரும் மறுத்துத் தலையசைப்பது அவர் பார்வைக்கு வந்ததே இல்லை.

"அவையோரே! அம்மையார் சிப்பியம்மாள் அவர்கள்மீது எனக்கு அளவிட முடியாத மரியாதை உண்டு" என்று தொடங்கினார்.

காரியம் முடிந்தது என்று சிப்பியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அவையில் யாரைத் தொலைத்துக்கட்டும் முன்பும் இதே மரியாதையைத்தான் தெரிவிப்பார்கள்.

"ஆனால் குடை என்பது என்ன? துணியா? கம்பியா? இல்லை! அது மண்ணின் மானம். ஒருவர் எந்த மண்ணில் விழுந்து முதன்முதலாக அழுதாரோ, அந்த மண்ணுக்காகத்தான் கடைசிவரை அழுவார். நாளை மணற்கரையோடு நமக்கு ஒரு சச்சரவு வந்தால், அம்மையாரின் கண்ணீர் எந்தப் பக்கம் சொட்டும்?"

"மணற்கரையோட நமக்கு என்ன சச்சரவுங்க ஐயா?" என்று சிப்பியம்மாள் கேட்டாள். "அவங்ககிட்ட உப்பு வாங்குறோம். அவ்வளவுதானே?"

"உப்பில் கூடச் சச்சரவு வரலாம்" என்றார் தானிய அமைச்சர் கஞ்சமலை. குடைமீது அவருக்கும் ஒரு கண். திருமேனிநாதருக்கும் ஒரு கண். அந்த ஒரு காலையில் மட்டும் அந்த இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்த்தன.

"வேறுபாடே இல்லைன்னு நீங்கதான் வாசிச்சீங்க. நான் மண்ணைக் குடிச்சதை எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

"வேறுபாடு அன்றும் இல்லை, அம்மையீர், இன்றும் இல்லை" என்று திருமேனிநாதர் மூடிய கண்களோடு கைகூப்பினார். "குடை ஒன்றைத் தவிர."

இப்படியாக முதல் சட்டம் நிறைவேறியது. 'செம்மேட்டின் குடியாக உள்ள எவரும், செம்மேட்டு மண்ணில் பிறந்திருந்தாலொழிய, குடையின் கீழ் அமரலாகாது.'

சிப்பியம்மாள் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நீ விருந்தாளி என்று யாரோ நினைவூட்டியதைப் போல. மகள் செண்பகவடிவு ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். "போனா போகுதும்மா. எனக்குப் பேறுகாலம் பாக்க உனக்கு நேரம் கிடைச்சுதே" என்றாள். சிப்பியம்மாளும் அப்படியே மனதைத் தேற்றிக்கொண்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் அவள் விலகியதும் களத்தில் திருமேனிநாதரும் கஞ்சமலையும் மட்டும் மிஞ்சினார்கள். இருவர் கையிலும் புத்தம்புதிய சட்டம் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு யாரையாவது வெட்டாமல் இருக்க அவர்களால் முடியவில்லை.

முதலில் திருமேனிநாதர் கண்டுபிடித்தார். கஞ்சமலை பிறந்தது அரசு பிரசவ விடுதியின் மாடியில். "மண்ணில் என்றால் மண்ணில்! மாடி எப்படி மண்ணாகும்? மாடிக்கும் மண்ணுக்கும் நடுவே முழுசாக ஒரு கீழ்த்தளம் இருக்கிறதே! இவர் அந்தரத்தில் பிறந்தவர்" என்று அவையில் முழங்கினார். மாடியில் பிறந்தோர் அந்தரத்தார் என இரண்டாவது சட்டம் வந்தது. நகரத்தில் பாதிப் பேர் அந்தரத்தார் ஆனார்கள். மாடியில் பிறந்த அண்ணனும் கீழ்த்தளத்தில் பிறந்த தம்பியும் ஒரே வீட்டில் தனித்தனியாக உலை வைத்தார்கள்.

கஞ்சமலை சும்மா இருப்பாரா? திருமேனிநாதர் கீழ்த்தளத்தில்தான் பிறந்தார், ஆனால் கட்டிலில் பிறந்தார் என்று நிரூபித்தார். போதாக்குறைக்கு அந்தக் கட்டில் மணற்கரையிலிருந்து வந்த மரத்தில் செய்தது. "சட்டத்தலைவர் அயல்நாட்டு மரத்தின் மீது பிறந்து, இத்தனை காலமாக அதை மறைத்து வைத்திருக்கிறார்!" என்று அவர் சொன்னபோது அவையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கட்டிலில் பிறந்தவரும் தகுதியற்றவர் என மூன்றாவது சட்டம் வந்தது.

இனிமேல் பிறக்கும் குழந்தைகளின் கதி என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி என்று அவை ஒப்புக்கொண்டது. இன்று பிறக்கும் எந்தக் குழந்தையும் நாளைய குடையாளராகக் கூடும். அதன் உரிமையைப் பிறக்கும்போதே பறிப்பது கொடுமை. எனவே, கருணையின் அடிப்படையில், இனி எல்லாப் பிரசவங்களும் வெட்டவெளியில் வெறும் மண்ணில்தான் நடக்க வேண்டும் என்று நான்காவது சட்டம் போட்டார்கள். பிரசவ விடுதியின் கட்டில்களை எல்லாம் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் உடனிருந்து பார்க்க மண்சாட்சி என்ற பதவியில் ஆட்களை நியமித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. விடுதி முற்றத்தில் பெண்கள் சேற்றில் படுத்துப் பிள்ளை பெற்றார்கள். வண்ணாரப்பேட்டை பூங்காவனத்தின் குழந்தை முழுத் தகுதியோடு பிறந்தது. மண்சாட்சி கைதட்டினார். நான்காம் நாள் ஜன்னி கண்டு அது முழுத் தகுதியோடு இறந்தது.

சிப்பியம்மாள் அந்தத் துக்கத்துக்குப் போய்வந்தாள். வந்ததிலிருந்து மகளின் வயிற்றைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லாமல் போயிற்று. வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிடலாமா என்று யோசித்தாள். நான்காவது சட்டப்படி, வீட்டில் பெற்றால் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததாகிவிடும், தாய்க்கும் சிறை. செண்பகவடிவு, "எல்லாரும் பெத்துக்கிறாங்கல்ல, நானும் பெத்துக்கிறேன்" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வலி எடுத்தது ஒரு மத்தியான வேளை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விடுதி முற்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இடம் கிடைத்தது. பூவுலிங்கமும் மருமகனும் ஆளுக்கொரு முனையாகக் கோரைப்பாயை விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார்கள். பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி ஒழுகியது. மருத்துவச்சி பெரியநாயகம் முழங்கால் சேற்றில் புதைய உட்கார்ந்திருந்தாள்.

மண்சாட்சி ஒரு நடுத்தர வயதுக்காரர். நல்ல மனிதர்தான். "அம்மா, கீழ துணி கிணி எதுவும் விரிச்சிடாதீங்க. துணியில பட்டா செல்லாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று கெஞ்சலாகச் சொன்னார்.

"ஏங்க, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்" என்றாள் பெரியநாயகம்.

"திரும்பினா எப்படிம்மா சாட்சி சொல்றது?"

செண்பகவடிவு அலறினாள். தலை தெரிந்தது. பெரியநாயகத்தின் கை சேற்றில் வழுக்கியது. சிப்பியம்மாள் எதையும் யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கைகளில் விழுந்தது. பெண் குழந்தை. சூடாக இருந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அது முற்றம் முழுவதும் கேட்கும்படி அழுதது. அவளும் அழுதாள்.

மண்சாட்சி கையைப் பிசைந்தார். "மண்ணுல படலையேம்மா."

"படலைன்னா என்ன இப்போ? இந்தா இருக்கு மண்ணு, எடுத்து அது கால்ல தடவிட்டுப் போங்க."

"அப்படிச் செய்ய முடியாதும்மா. முதல்ல எதுல பட்டுச்சோ அதுதான் கணக்கு. குழந்தை உங்க கையில பொறந்திருக்கு. உங்க கை..." அவர் சொல்லத் தயங்கினார். "உங்க கை மணற்கரையில பொறந்த கை. சட்டப்படி பாத்தா இந்தக் குழந்தை மணற்கரையில பொறந்திருக்கும்மா."

பாயைப் பிடித்திருந்த பூவுலிங்கம், வாழ்க்கையில் முதல்முறையாக, நிமிராமல் நின்றார்.

அயல்நாட்டில் பிறந்த குழந்தையை வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அது வளர்ந்து ஒரு பிடி மண்ணைக் கரைத்துக் குடிக்கலாம். அதுவரை விருந்தாளி. பால் கொடுக்கும் தாய்க்கு, விருந்தினரை உபசரிக்கும் அனுமதி வழங்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து, பிரசவத்தோடு மகளுக்கு வந்த காய்ச்சல் இறங்கியதும், சிப்பியம்மாள் நேரே திருமேனிநாதர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் நாற்காலி, ஊஞ்சல் எதுவும் இல்லை. நடுவில் செம்மண் குவித்து அதன்மீது அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலில் பிறந்த குறையை அப்படியாவது கொஞ்சம் ஈடுகட்டலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். வேட்டியெல்லாம் சிவப்பு.

"வாங்கம்மா. உக்காருங்க" என்று மண்ணைக் காட்டினார். வீட்டில் அவர் கண்களைத் திறந்துதான் பேசினார்.

"நிக்கிறேன். ஐயா, எனக்குக் குடை வேண்டாம். ஏரியும் வேண்டாம். இனிமே எந்தப் பதவியும் கேக்க மாட்டேன்னு கடைத்தெருவுல நின்னு சத்தியம் பண்றேன். இந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துடுங்க. பொம்பளைங்க செத்துப் போவாங்க."

திருமேனிநாதர் பெருமூச்சு விட்டார். "உண்மையைச் சொல்றேன், வருத்தப்படாதீங்க. முதல்ல உங்களை நிறுத்தத்தான் கொண்டாந்தோம். இப்ப அது உங்களைத் தாண்டிப் போயிடுச்சும்மா. எங்களையும் தாண்டிப் போயிடுச்சு. சட்டம் போட அவை போதும். எடுக்கணும்னா குடையாளர் கையெழுத்துப் போடணும். குடையாளர் ஆகணும்னா வெறும் மண்ணுல பொறந்திருக்கணும். நாடு பூரா சல்லடை போட்டாச்சு. ஒருத்தனும் கிடைக்கல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒரு பெரியவர் கிடைச்சார். அவங்கம்மா எள்ளு வயல்ல களையெடுக்கும்போது வரப்புலயே பெத்தாங்களாம். சுத்தமான மண்ணு. பல்லக்கு அனுப்பலாம்னு கிளம்பினோம். விசாரிச்சா, அந்த வயல் இப்ப ஏரிக்குள்ள இருக்கு. தண்ணியில பொறந்தவர்னு கஞ்சமலை தள்ளிட்டார்."

சிப்பியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பூங்காவனத்தின் வீட்டுக் கூடத்தில் தொங்கிய வெறும் தூளி நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப குடை காலியாவே கிடக்கட்டும்ங்கிறீங்களா?"

"அதெப்படி? வழி கண்டுபிடிச்சிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் அறிஞர்களுக்கே உரிய ஒரு களை வந்தது. "சட்டத்தை நல்லாப் படிங்க. 'செம்மேட்டின் குடியாக உள்ள எவரும்' அப்படின்னுதான் ஆரம்பிக்குது. குடியா இல்லாதவனைப் பத்தி அது மூச்சே விடலை. வெளிநாட்டுக்காரன் எங்க பொறந்திருந்தாலும் தடை கிடையாது. தாராளமா வந்து உக்காரலாம்."

அது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்படின்னா நான் அன்னைக்கு அந்த மண்ணைக் குடிக்காம இருந்திருந்தா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "உங்களுக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது."

"இப்ப இந்த நாட்டுக் குடியா இருக்க மாட்டேன்னு விலகிட்டா?"

"குடிச்ச மண்ணைத் திருப்பிக் கொடுக்கணும்மா. அதே மண்ணா இருக்கணும்." உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு முகம் மலர்ந்து, "ஆனா நீங்க சந்தோஷப்படலாம். மணற்கரையிலேருந்துதான் ஆளைக் கூப்பிட்டிருக்கோம். உங்க ஊர்க்காரர்!" என்றார்.

அழைக்கப்பட்டவர் பெயர் சங்கன். உப்பளங்களின் சொந்தக்காரர். சொந்த நாட்டில் பலமுறை தேர்தலில் நின்று தோற்றவர். அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் அவருக்குக் கைதூக்கவில்லை. செம்மேட்டில் அவரைத் தெரிந்தவர் யாருமே இல்லை என்பது பெரிய சாதகமாகக் கருதப்பட்டது. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் மக்களுக்குக் கைதூக்கும் வேலையும் மிச்சமானது. அவருக்குச் செம்மேட்டு மொழி தெரியாது. இதையும் அவை வரவேற்றது. மொழி தெரிந்தால் மக்கள் குறை சொல்வார்கள், அவர் மனம் புண்படும்.

மொழிபெயர்க்க மட்டும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பாவோடு மணற்கரை மொழி பேசி வளர்ந்தவள் நாட்டில் ஒருத்திதான்.

"போகாதே" என்றார் பூவுலிங்கம். "உன்னை அவமானப்படுத்தினவங்களுக்கு நீ வாயா இருக்கணுமா?"

சிப்பியம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மருமகள் நிறைமாத வயிற்றோடு கிணற்றடியில் நின்று, மேகம் கறுப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பியம்மாள் பேத்தியை மெதுவாகக் கணவர் கையில் கொடுத்தாள்.

"போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

துறைமுகத்தில் நாடே திரண்டிருந்தது. 'மண்ணின் மைந்தர்கள் அன்புடன் வரவேற்கிறோம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். திருமேனிநாதரும் கஞ்சமலையும் பகையை மறந்து ஒரே மாலையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெண்பட்டுக் குடை விரிந்தது. மூங்கில் பல்லக்கு ஒன்று தயாராக இருந்தது.

படகிலிருந்து சங்கனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பெருத்த உடம்பு. வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் பச்சையாக இருந்தது. மேடையில் ஏற்றிக் குடையின் கீழ் உட்காரவைத்ததும், அவர் சிப்பியம்மாளைப் பார்த்துத் தம் மொழியில் முனகினார். தலை சுற்றுகிறது, உள்ளே எங்காவது கட்டில் போடச் சொல், படுக்க வேண்டும் என்றார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. புதிய குடையாளரின் முதல் வாக்கு! முன்வரிசையில் பெரியநாயகம் நின்றிருந்தாள். சேற்றுப்புண் வந்த கால்களில் ஏதோ பச்சிலை அரைத்துப் பூசியிருந்தாள். சிப்பியம்மாள் அந்தக் கால்களைப் பார்த்தாள். மணற்கரை மொழியில் ஒரு கட்டிலுக்கும் நூறு கட்டிலுக்கும் ஒரே சொல்தான். அவள் நூறு என்று எடுத்துக்கொண்டாள். எங்கே போட வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொல்லவில்லை. அதை அவள் தெளிவுபடுத்தினாள்.

"குடையாளர் உத்தரவு! பிரசவ விடுதிக் கட்டிலை எல்லாம் இப்பவே உள்ள கொண்டுபோய்ப் போடணும். பொம்பளைங்க உள்ளதான் படுக்கணுமாம்!"

தான் சொன்னது இத்தனை நீளமாகப் போகிறதே என்று சங்கன் ஒரு முறை பார்த்தார். பிறகு ஆமாம் என்பதுபோல் தலையைத் தொங்கப்போட்டார். கூட்டம் ஆரவாரித்தது. "என்ன தொலைநோக்கு!" என்று திருமேனிநாதர் கண்களை மூடிக்கொண்டார். "இதே கருத்து எனக்கும் ஆரம்பத்திலிருந்தே உண்டு" என்றார் கஞ்சமலை. பெரியநாயகம் கைதட்டல் முடியும் வரை காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கிடங்கு இருந்த திசையில் ஓடினாள்.

சங்கன் மறுபடியும் ஏதோ சொன்னார். குடையாளரின் அரண்மனை அதோ மேட்டில் தெரிகிறது, தன்னால் நடக்க முடியாது, பல்லக்குத் தூக்க ஆள் வேண்டும். வழி தெரியாதவன் தூக்கினால் பள்ளத்தில் போட்டுவிடுவான். இங்கேயே பிறந்தவர்கள் யார் யார் என்று கேள் என்றார்.

இந்த முறை சிப்பியம்மாள் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. பல்லக்கைப் பற்றி அவர் சொன்னதை முதலில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கஞ்சமலை, "என்ன கேக்கிறார்? என்ன கேக்கிறார்?" என்று துடித்தார்.

"இங்கேயே பொறந்தவங்க யார் யார்னு கேக்கிறார்."

அவ்வளவுதான். "நான்!" என்று திருமேனிநாதர் கையைத் தூக்கினார். "நான்தான்! அசல் நான்தான்!" என்று கஞ்சமலை அவரை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். மாடியில் பிறந்தவர்கள், கட்டிலில் பிறந்தவர்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கைதூக்கினார்கள். எள் வயல் பெரியவர்கூட ஈரம் உலராத குரலில் ஏதோ கத்தினார். சங்கன் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, தோள் அகலமானவர்களாகப் பார்த்து விரலை நீட்டினார். திருமேனிநாதரும் கஞ்சமலையும் அதில் இருந்தார்கள்.

"இவங்க பல்லக்கைத் தூக்கணுமாம்" என்று சிப்பியம்மாள் மீதியைச் சொன்னாள்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு திருமேனிநாதர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மண்ணின் மைந்தனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?" என்று அவையில் பேசும் குரலில் சொன்னார். 

பல்லக்கு கிளம்பியது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சிப்பியம்மாள் நடந்தாள். அரண்மனைச் சாலை செங்குத்தானது. தூறலில் செம்மண் வழுக்கியது. முன்தண்டைத் தாங்கிய திருமேனிநாதருக்குப் பாதி மேட்டிலேயே மூச்சு இரைத்தது. தோள்பட்டையில் தண்டு பதிந்து இரத்தம் கட்டியது. உள்ளே சங்கன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்று திருமேனிநாதர் பக்கவாட்டில் பார்த்து மெல்லக் கூப்பிட்டார். இப்போது அவர் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. "முடியலம்மா. இந்த வளைவு வரைக்கும் கொஞ்சம் தோள் குடுங்களேன்."

சிப்பியம்மாள் நின்று அவரைப் பார்த்தாள். அவர்மீது அவளுக்கு இரக்கம்தான் வந்தது. முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுக்கலாம்தாங்க ஐயா. ஆனா நான் இங்க பொறக்கலையே."